நம் நாட்டில் கணிப்பொறி கண்ட நரசிம்மன்

இன்று நம் புதுவையில் வங்கிக்குச் சென்றாலும், இரயில் நிலையத்திற்குச் சென்றாலும் கணிப்பொறியைக் காண்கிறோம். நம் கைக்குள் அடங்கும் கைப்பேசியும் ஒரு கணிப்பொறியே. ஆனால், ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்ற பெருங்கணிப்பொறியை நம் நாட்டிலேயே உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர் என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? அவரே டாக்டர் ரங்கசாமி நரசிம்மன்.

1926-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த இவர், கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றார். பின்னர் அமெரிக்கா சென்று, கால்டெக்கில் மின்பொறியியலில் முதுநிலைப் பட்டமும், இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். அங்கேயே வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆயினும் 1954-இல் தாயகம் திரும்பி, ஹோமி பாபா நிறுவிய, பம்பாயில் இயங்கிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

கணிப்பொறியை அயல்நாட்டிலிருந்து வாங்குவதா, நாமே செய்வதா என்பது அந்நாளைய பெரிய கேள்வி. செய்து பார்ப்பதென நரசிம்மனின் குழு முனைந்தது. குழுவில் இருந்தோர் இளைஞர்கள். முன்பு கணிப்பொறி கட்டிய அனுபவம் அற்றவர்கள். 1956-இல் ஒரு சிறு சோதனைப் பொறி இயங்கியது. 1960-இல் முழுப்பொறியும் பணிக்கு வந்தது. அதில் 2,700 வெற்றிடக் குழாய்களும் 12,500 மின்தடைகளும் இருந்தன. 1962-இல் பிரதமர் நேரு அதற்கு 'டிஃப்ராக்' எனப் பெயர் சூட்டினார்.

ஆனால் அறிவியல் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. வெற்றிடக் குழாய்களின் இடத்தை டிரான்சிஸ்டர்கள் பிடித்துக்கொண்டன. 1964-இல் அதே நிலையத்திற்கு அமெரிக்காவிலிருந்து சி.டி.சி. 3600 என்னும் விரைவான பொறி வந்தது. டிஃப்ராக் 1965-இல் ஓய்வு பெற்றது.

அப்படியானால் பட்ட பாடெல்லாம் வீணா? இல்லை. பொறி பழசாயிற்று, கற்ற கல்வி பழசாகவில்லை. கணிப்பொறியைப் பயன்படுத்துவோர் ஒன்றுகூடித் தாம் அறிந்ததைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கினர். அப்பயனர் குழுவிலிருந்தே 1965-இல் இந்தியக் கணிப்பொறிச் சங்கம் மலர்ந்தது. அதன் முதல் தலைவர் நரசிம்மனே. 1978-இல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அது விட்டுச்சென்ற பொறிகளைப் பராமரிக்கும் பொறுப்பை அந்நாளில் நம் அரசு நிறுவனமாக இருந்த சி.எம்.சி. ஏற்றது. அந்நிறுவனத்தின் தலைவராகவும் இவர் விளங்கினார்.

குழந்தைகள் எவ்வாறு மொழி கற்கின்றனர் என்பதையும் ஆராய்ந்த இவருக்கு 1977-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2007-இல் இவர் மறைந்தார்.

மாணவியரே! விலைக்கு வாங்கிய பொருள் ஒருநாள் தேய்ந்துவிடும். நாமே செய்து கற்றது தேயாது. வீட்டுக் கணக்கானாலும், ஆய்வுக்கூடச் சோதனையானாலும், பிறர் விடையைப் பார்த்து எழுதாமல் நாமே முயன்று பார்ப்போம். நரசிம்மனின் வாழ்வு நமக்குக் கூறும் பாடம் அதுவே.