ரயில்வே சங்கத்திலிருந்து ராஷ்டிரபதி பவன் வரை

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவர்)



ஜனாதிபதி என்றதும் நம் திருச்சிக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அப்துல் கலாம் ஐயாதான். செயிண்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர் ஆயிற்றே! அவரைப் பற்றி எழுத நம்ம வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அதனால் அதிகம் பேசப்படாத ஒருவரை நான் எடுத்துக்கொண்டேன். அவர்தான் நான்காவது ஜனாதிபதி வி.வி.கிரி. பொது அறிவுப் புத்தகத்தில் அவருக்கு ஒரே ஒரு வரிதான். ஆனால் அவர் ஜெயித்த 1969 தேர்தல் மாதிரி மூச்சைப் பிடிக்க வைத்த ஜனாதிபதி தேர்தல் நம் நாட்டில் வேறு கிடையாது. அதில் தமிழ்நாட்டு ஓட்டின் பலம் என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது. கணக்கு பின்னால் வருகிறது. முதலில் மனிதரைப் பார்ப்போம்.

அயர்லாந்தில் படித்த பாடம்

கிரி பிறந்தது 1894 ஆகஸ்ட் 10. ஊர் பெர்ஹாம்பூர். இன்றைக்கு அது ஒடிசாவில் இருக்கிறது. அன்றைக்கு நம்ம சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. தெலுங்கு பேசும் குடும்பம், அப்பா வக்கீல். வசதிக்குக் குறைவில்லை. 1913-ல் சட்டம் படிக்க அயர்லாந்தின் டப்ளின் நகருக்குக் கப்பல் ஏறினார்.

அயர்லாந்தும் அப்போது நம்மைப் போலவே வெள்ளைக்கார ஆட்சியில் இருந்த நாடு. 1916-ல் டப்ளினில் பெரிய எழுச்சி நடந்தது. அந்த விடுதலை இயக்கத்தோடு தொடர்பு வைத்திருந்தார் என்று கிரி மேல் சந்தேகம் விழுந்தது. அந்த வருடமே நாடு திரும்ப வேண்டியதாயிற்று. சட்டம் படிக்கப் போனவர், தொழிலாளி ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துப் படித்துவிட்டு வந்தார்.

வந்தவர் வக்கீல் தொழிலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒத்துழையாமை இயக்கத்தில் அதையும் விட்டார். பிறகு அவர் போய் நின்ற இடம் ரயில்வே தொழிலாளர்களின் பக்கம். பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் சங்கம் கட்டினார். 1927-ல் கரக்பூர் ஒர்க்ஷாப்பில் ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றார். 1931-ல் லண்டனில் நடந்த இரண்டாவது வட்டமேஜை மாநாட்டுக்குத் தொழிலாளர் பிரதிநிதியாகப் போனார். ராஜாக்களும் ஜமீன்தார்களும் உட்கார்ந்த மேஜையில் கலாசிகளுக்கும் கேங்மேன்களுக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது என்றால் அது மிகையாகாது.

ஸ்ரீரங்கமும் பொன்மலையும்

1937 தேர்தலில் கிரி பொப்பிலி ராஜாவை அவர் சொந்த ஊரிலேயே தோற்கடித்தார். ராஜாஜி மந்திரிசபையில் தொழிலாளர் துறை, தொழில் துறை அமைச்சர் ஆனார். அதே மந்திரிசபையில் இன்னொரு அமைச்சர் நம்ம ஸ்ரீரங்கத்தில் பிறந்த டாக்டர் டி.எஸ்.எஸ்.ராஜன். 1930-ல் ராஜாஜியின் வேதாரண்யம் உப்பு யாத்திரை திருச்சியில் கிளம்பியது இந்த ராஜன் வீட்டிலிருந்துதான். நான் ஸ்ரீரங்கத்துப் பையன். ஆனாலும் இந்தப் பெயரை இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

1946-ல் பிரகாசம் மந்திரிசபையில் கிரி மறுபடியும் தொழிலாளர் அமைச்சர். அந்த வருடம் செப்டம்பர் 5-ம் தேதி நம்ம பொன்மலையில் போராடிய ரயில்வே தொழிலாளர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இன்றைக்கும் வருடா வருடம் பொன்மலை சங்கத் திடலில் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். ரயில்வே சங்கம் வளர்த்த ஒருவர் தொழிலாளர் அமைச்சராக இருந்த மாகாணத்தில் ரயில்வே தொழிலாளிகள் சுடப்பட்டார்கள். ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதினால் பொன்மலையிலிருந்து வரும் நம் நண்பர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் இதையும் எழுதுகிறேன்.

நாற்காலியை விட்டவர்

சுதந்திரத்துக்கு அப்புறம் கிரி இலங்கையில் இந்தியத் தூதராக இருந்தார். 1952-ல் நேரு மந்திரிசபையில் தொழிலாளர் அமைச்சர் ஆனார். அவருக்கு ஒரு உறுதியான எண்ணம் இருந்தது. முதலாளியும் தொழிலாளியும் தங்கள் தகராறை எதற்கெடுத்தாலும் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, நேருக்கு நேர் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும் என்பது அது. கிரி வழிமுறை என்றே இதற்குப் பெயர் வந்தது.

இது எனக்கு நன்றாகப் புரியும். எங்கப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். மூட்டைக்கு இவ்வளவு கூலி என்று வியாபாரிகளும் சங்கத்து ஆட்களும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்வார்கள். சில சமயம் ராத்திரி வெகுநேரம் ஆகிவிடும். எங்க வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிப்பவன் நான்தான். ஒப்பந்தத் தாள் வந்தால் அப்பா அதை என்னிடம் கொடுத்து நிறுத்தி நிறுத்தி வாசிக்கச் சொல்வார். எந்த எடை மூட்டைக்கு எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணிக்கொள்வார். அந்த ஐம்பது பைசா, ஒரு ரூபாய் வித்தியாசத்தில்தான் எங்க வீட்டு அடுப்பும் எரியுது, என் பரீட்சைக் கட்டணமும் கட்டுறோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வங்கி ஊழியர் சம்பளம் பற்றித் தீர்ப்பாயம் ஒரு முடிவு சொன்னது. மத்திய அரசு அதை ஊழியர்களுக்குப் பாதகமாக மாற்றியது. கிரிக்கு இது பிடிக்கவில்லை. 1954 ஆகஸ்டில் மந்திரி பதவியை ராஜினாமா செய்துவிட்டார். பதவிக்காக எதையும் செய்பவர்கள் உள்ள உலகத்தில் குமாஸ்தாக்களின் சம்பளத்துக்காக மத்திய மந்திரி பதவியை விட்டவர் அவர்!

1957 தேர்தலில் பார்வதிபுரம் தொகுதியில் தோற்றார். அது இரண்டு உறுப்பினர் தொகுதி, ஒரு இடம் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் இரண்டு இடத்தையுமே பழங்குடி வேட்பாளர்கள் ஜெயித்தார்கள். கிரி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். பொது இடத்திலும் பழங்குடியினர் ஜெயிக்கலாம் என்று கோர்ட் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் உத்தரப்பிரதேசம், கேரளா, மைசூர் ஆகிய மாநிலங்களில் கவர்னராக இருந்தார். 1967-ல் துணை ஜனாதிபதி ஆனார்.

1969: யார் பக்கம் யார்?

1969 மே 3-ம் தேதி ஜனாதிபதி ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். கிரி தற்காலிக ஜனாதிபதி ஆனார். அடுத்த ஜனாதிபதி யார் என்பதில் காங்கிரஸ் கட்சிக்குள்ளேயே சண்டை. ஜூலையில் பெங்களூரில் கூடிய கட்சித் தலைவர்கள் பிரதமர் இந்திரா காந்தியின் விருப்பத்துக்கு மாறாக நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக அறிவித்தார்கள். அந்தத் தலைவர்களில் நம்ம காமராஜரும் ஒருவர்.

கிரி என்ன செய்தார் தெரியுமா? ஜூலை 19-ம் தேதி 14 பெரிய வங்கிகளை அரசுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மறுநாளே பதவியை ராஜினாமா செய்துவிட்டு சுயேச்சையாகத் தேர்தலில் குதித்தார். வங்கி ஊழியருக்காக 1954-ல் பதவியை விட்டவர், வங்கிகளைத் தேசத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டாவது தடவை பதவியை விட்டார். எனக்கு ஸ்காலர்ஷிப் வரும் வங்கிக் கணக்கு அந்த 14 வங்கிகளில் ஒன்றில்தான் இருக்கிறது.

மூன்றாவதாக சி.டி.தேஷ்முக் நின்றார். அவருக்கு ராஜாஜியின் சுதந்திரா கட்சியும் ஜனசங்கமும் ஆதரவு. ஆக, 1937-ல் கிரியை மந்திரியாக்கிய ராஜாஜி ஒரு பக்கம், காமராஜர் இன்னொரு பக்கம். அந்த வருடம் பிப்ரவரியில் அண்ணா மறைந்து, கலைஞர் முதல்வராகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆளும் தி.மு.க. கிரியை ஆதரிப்பது என்று முடிவெடுத்தது. கம்யூனிஸ்ட் கட்சிகளும் கிரி பக்கம். நம்ம திருச்சி எம்.பி. அப்போது பொன்மலை ரயில்வே சங்கத்தில் உழைத்த மார்க்சிஸ்ட் தலைவர் கே.அனந்தன் நம்பியார். இந்திரா காந்தி தன் கட்சிக்காரர்களை மனசாட்சிப்படி ஓட்டுப் போடச் சொல்லிவிட்டார். கட்சி வேட்பாளருக்கு எதிராகவே பிரதமர் நின்ற தேர்தல் அது!

தமிழ்நாட்டு ஓட்டுக் கணக்கு

நண்பர்களே, இப்போது கணக்கு. ஜனாதிபதி தேர்தலில் நாம் நேராக ஓட்டுப் போடுவதில்லை. எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் போடுகிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் அதிக ஓட்டு வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் பிரதிநிதிகள் மொத்தமும் போய்விடுவார்கள். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொருவர் ஓட்டும் தனித்தனி, அதுவும் ரகசிய ஓட்டு. 1, 2, 3 என்று விருப்ப வரிசையும் போடலாம்.

எம்.எல்.ஏ. ஓட்டுக்கு மதிப்பு எப்படி? மாநிலத்தின் மக்கள் தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, வருவதை 1,000-ஆல் வகுக்க வேண்டும். 1961 கணக்கெடுப்பில் நம் மக்கள் தொகை 3,36,86,953. இதை 234-ஆல் வகுத்து, மறுபடி 1,000-ஆல் வகுத்தால் 143.96. அதாவது 144. ஒரு எம்.பி. ஓட்டுக்கு மதிப்பு 576. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969 ஜனவரி 14. அந்தப் பெயரில் நம் எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்ட முதல் ஜனாதிபதி தேர்தல் இதுதான்.

ஆகஸ்ட் 16-ல் ஓட்டுப்பதிவு, 20-ல் எண்ணிக்கை. முதல் சுற்றில் கிரி 4,01,515. ரெட்டி 3,13,548. தேஷ்முக் 1,12,769. ஜெயிக்கத் தேவை 4,18,169. யாருக்கும் வரவில்லை! பிறகு மற்றவர்களை ஒவ்வொருவராக நீக்கி அவர்கள் சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பத்தை எண்ணினார்கள். தேஷ்முக் சீட்டுகள் பெரும்பாலும் ரெட்டிக்குப் போயின. கடைசியில் கிரி 4,20,077. ரெட்டி 4,05,427. வித்தியாசம் வெறும் 14,650.

இதை 144-ஓடு சேர்த்துப் பாருங்கள். நம் சட்டசபையில் கிரிக்குப் போட்டவர்களில் 51 பேர் மாற்றி ரெட்டிக்குப் போட்டிருந்தால் 51 பெருக்கல் 144, அதாவது 7,344 ஓட்டு இங்கே குறைந்து அங்கே கூடியிருக்கும். கிரி 4,12,733. ரெட்டி 4,12,771. முப்பத்தெட்டு ஓட்டில் ரெட்டி ஜனாதிபதி! 1967 தேர்தலில் தி.மு.க. ஜெயித்த தொகுதிகள் 130-க்கும் மேலே. அந்தக் கட்சி அன்றைக்கு வேறு முடிவு எடுத்திருந்தால் இந்திய வரலாறே வேறு பாதையில் போயிருக்கும். அந்தத் தேர்தல் முடிந்து மூன்று மாதத்துக்குள், நவம்பரில், காங்கிரஸ் கட்சி இரண்டாக உடைந்தது. ரெட்டியும் பின்னாளில் 1977-ல் போட்டியில்லாமல் ஜனாதிபதி ஆனார்.

பவனுக்குள்ளே

1969 ஆகஸ்ட் 24-ல் கிரி பதவியேற்றார். தேர்தல் செல்லாது என்று வழக்கு வந்தது. ஜனாதிபதியாக இருக்கும்போதே சுப்ரீம் கோர்ட்டுக்கு நேரில் வந்து சாட்சி சொன்னார். 1970-ல் வழக்கு தள்ளுபடி ஆனது.

1974 மே மாதம் நாடு முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம். மத்திய அரசு அதைக் கடுமையாக ஒடுக்கியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். அந்த மே மாதம் ராஷ்டிரபதி பவனில் உட்கார்ந்திருந்தவர் பழைய ரயில்வே சங்கத் தலைவர். மந்திரிசபை சொல்கிறபடி நடக்க வேண்டிய பதவி அது. வேலைநிறுத்தம் முறிந்தது. ஆகஸ்டில் கிரியின் பதவிக்காலமும் முடிந்தது. 1954-ல் ராஜினாமா செய்த கிரிதான் எனக்குப் பெரியவராகத் தெரிகிறார். 1974-ல் இருந்த கிரியை நினைத்தால் மனசு கொஞ்சம் கனக்கிறது. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் நண்பர்களே!

1975-ல் பாரத ரத்னா கிடைத்தது. 1980 ஜூன் 24-ல் சென்னையில் காலமானார். நொய்டாவில் உள்ள தேசியத் தொழிலாளர் ஆய்வு நிறுவனம் அவர் பெயரில் நடக்கிறது.

டிப்ளமோ முடித்ததும் நம்மில் பாதிப் பேர் அப்ரண்டிஸாகப் போகப் போகிறோம். துவாக்குடியோ, பொன்மலையோ, ஸ்ரீபெரும்புதூரோ, எங்கே போனாலும் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். முழுசாகப் படித்துவிட்டுப் போடுங்கள். புரியாததை உட்கார்ந்து கேளுங்கள். படிக்கத் தெரியாத அப்பாவே வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் ஒத்துக்கொள்கிறார். டிப்ளமோ படித்த நமக்கு என்ன அவசரம்? ஓட்டும் அப்படித்தான். 51 பேர் கையில் ஒரு ஜனாதிபதி நாற்காலி இருந்த வருடம் ஒன்று நம் மாநிலத்துக்கு உண்டு. அதை மறக்க வேண்டாம்.