துயரைப் பாட்டாக்கிய பாடகர்

காதலில் தோற்றவன் கவிஞனாகிறான் என்பார்கள். நானும் நம்பினேன். கண்ணீர் இருந்தால் கவிதை தானே வரும் என்று எண்ணி, ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதித் தள்ளினேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் அமெரிக்கப் பாடகர் பிராங்க் சினாட்ரா.

1915 டிசம்பர் 12 அன்று நியூஜெர்சி மாநிலத்து ஹோபோகன் நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு ஒரே மகனாகப் பிறந்தார். பிறக்கும்போது மருத்துவர் ஆயுதமிட்டு எடுத்ததில் கன்னத்திலும் காதிலும் காயம். அந்த வடு கடைசிவரை மறையவில்லை. பள்ளிப் படிப்பும் பாதியில் நின்றது. பாட்டு ஒன்றே துணையாயிற்று.

1940-இல் டாமி டார்சியின் இசைக்குழுவில் சேர்ந்தார். டார்சி டிராம்போன் என்னும் ஊதுகருவியை வாசிக்கையில் எப்போது மூச்சு வாங்குகிறார் என்றே தெரியாது. அதைக் கூர்ந்து கவனித்த இளைஞர், நீருக்கடியில் நீந்தித் தம் மூச்சையும் பழக்கினார். நீண்ட அடியையும் அறுபடாமல் பாடும் திறம் அப்பயிற்சியால் வந்தது.

1942-இல் தனியே பாடப் புறப்பட்டார். புகழ் வெள்ளமெனப் பெருகியது. 1944 அக்டோபரில் நியூயார்க் பாரமவுண்ட் அரங்கின் முன் திரண்ட இளம்பெண்கள் கூட்டத்தால் தெருக்களே ஸ்தம்பித்தன.

மேடு இருந்தால் பள்ளமும் உண்டன்றோ? 1950-இல் தொண்டையில் குருதி கசிந்து, மேடையிலேயே குரல் நின்றது. 1951-இல் முதல் மணத்தை முறித்து, நடிகை ஏவா கார்ட்னரை மணந்தார். 1952-இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் அவரைக் கைவிட்டது. 1953-இல் ஏவாவும் பிரிந்தார். ஆயினும் அதே ஆண்டில் கேபிடல் நிறுவனம் ஒரு வாய்ப்பளித்தது. அவ்வாண்டு வெளிவந்த படமொன்றில் நடித்ததற்காக 1954-இல் துணை நடிகருக்கான ஆஸ்கார் விருதும் பெற்றார். புகழ் மீண்டது, ஏவா மீளவில்லை.

அந்த வேதனையோடு 1955-ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஹாலிவுட்டில் பெரும்பகுதி பதிவானதே ‘இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்’ என்னும் இசைத்தட்டு. நள்ளிரவு கடந்து விடியலுக்கு முந்திய பொழுதைக் குறிக்கும் பெயர் அது. பாடல்கள் 16. பதினாறிலும் பிரிவும் தனிமையுமே. துள்ளல் பாட்டு ஒன்றுகூட இல்லை. வாத்திய இசையை வகுத்தவர் நெல்சன் ரிடில். குரலை மூடாமல், அதன் பின்னே மெல்ல நடந்து வரும் இசை அது.

ஓர் இரவு அதை முழுதும் கேட்டேன். பின்னர்தான் ஒன்றை அறிந்து வியந்தேன். அந்தப் பதினாறில் ஒன்றை எழுதியதில் மட்டுமே அவருக்குப் பங்கு உண்டு; மற்ற எதையும் அவர் எழுதவில்லை! பல பாடல்கள் ஏற்கெனவே பிறர் பாடியவை. ஆயினும் அவர் வாழ்வையே பாடுவது போல ஒலிப்பது எதனால்? அவர் ஓலமிடவில்லை. ஒலிவாங்கியின் அருகில் நின்று, எதிரே அமர்ந்த நண்பனிடம் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில் பாடினார். சொல் சிதையவில்லை; மூச்சு அறவில்லை. துயரம் அவருக்குப் பொருளைத் தந்தது. பாட்டைத் தந்ததோ பல ஆண்டு உழைப்பு.

1998 மே 14 அன்று, 82-ஆம் வயதில், அவர் மறைந்தார்.

என் நோட்டுப் புத்தகத்தை மீண்டும் புரட்டினேன். பக்கந்தோறும் கண்ணீர் இருந்தது, பயிற்சி இல்லை. நண்பர்களே, அதை நான் கிழித்துப் போடவில்லை. முதல் கவிதையிலிருந்து திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.