சாந்தினி சௌக்குக்கு கபாப் சாப்பிடப் போறீங்களா? ஜஹனாராவைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க!

பழைய டெல்லியில் ஜமா மஸ்ஜித்தின் 1-ம் எண் வாசலுக்கு எதிரே மட்டியா மஹால் என்றொரு தெரு இருக்கு. பொழுது சாய்ந்தால் போதும், தெரு முழுக்கக் கரிப் புகைதான். கொத்துக்கறியை மசாலாவோடு பிசைந்து, நீளமான இரும்புக் கம்பியில் அமுக்கிப் பிடித்து, கனல் மேல் திருப்பித் திருப்பிச் சுடுவாங்க. அதுதான் சீக் கபாப். கம்பியிலிருந்து சுடச்சுட உருவி, வெங்காயம், பச்சை சட்னி, ரூமாலி ரொட்டியோடு கையில் கொடுப்பாங்க. சாப்பிட்டுட்டு அப்படியே கொஞ்ச தூரம் நடந்தா, சாந்தினி சௌக் வந்துடும்.

செங்கோட்டையைக் கட்டியது ஷாஜஹான்னு ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. கோட்டைக்கு எதிரே நீளும் இந்தச் சந்தையை 1650-ல் உருவாக்கியது யார் தெரியுமா? அவருடைய மகள் ஜஹனாரா. அப்போ அவருக்கு வயசு 36.

1614-ல் பிறந்தவர் ஜஹனாரா. 1631-ல் அம்மா மும்தாஜ் பிரசவத்தில் இறந்தபோது அவருக்கு 17 வயசு. துக்கத்தில் உடைஞ்சுபோன அப்பாவைத் தேற்றணும், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கணும், அரண்மனையை நிர்வகிக்கணும். எல்லாம் ஒரே நாளில் தலையில் விழுந்தது. 'பாட்ஷா பேகம்' பட்டத்தோடு, அம்மாவின் சொத்தில் பாதியும் அவருக்கு வந்தது. அந்தப் பணத்தை அவர் பூட்டி வைக்கலை. 'சாஹிபி' என்ற பெயரில் சொந்தமாகக் கப்பல் விட்டார். சூரத்திலிருந்து போன அந்தக் கப்பலில், மெக்காவின் ஏழைகளுக்கு வருஷாவருஷம் அரிசி அனுப்பச் சொன்னார்.

1644-ல் அந்த விபத்து நடந்தது. வாசனைத் தைலம் பூசிய அவருடைய மெல்லிய மஸ்லின் உடையில் விளக்குச் சுடர் பட்டு, தீ சட்டுனு பரவிடுச்சு. தீயை அணைக்கப் போன பணிப்பெண்களும் உயிரிழந்தாங்க. ஜஹனாரா பல மாசம் படுக்கையில் கிடந்தார். அரச வேலைகளை ஒதுக்கிவெச்சுட்டு, அப்பாவே பக்கத்தில் உட்கார்ந்து மகளைப் பார்த்துக்கிட்டார்.

அதிலிருந்து மீண்டு வந்தவர்தான், ஆறு வருஷம் கழிச்சு டெல்லிக்கு ஒரு சந்தையைக் கொடுத்தார். தெருவின் நடுவே கால்வாய், சதுக்கத்தில் ஒரு குளம். அந்தத் தண்ணீரில் நிலா தெரிந்ததால்தான் 'நிலவொளிச் சதுக்கம்' என்ற அர்த்தத்தில் சாந்தினி சௌக்னு பேர் வந்ததா சொல்வாங்க. தூர தேசத்து வியாபாரிகள் பயமில்லாமல் தங்க, பக்கத்திலேயே பெரிய சராய் ஒன்றும் கட்டினார். இன்றைய டிராவலர்ஸ் ஹாஸ்டல் மாதிரின்னு வெச்சுக்கோங்க. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் அதை இடிச்சுட்டாங்க. டவுன் ஹால் நிற்பது அந்த இடத்தில்தான்.

இதில் ஒரு வேதனை இருக்கு. அரச குடும்பத்துப் பெண்கள் திரைமறைவில் வாழ்ந்த காலம் அது. ஊரே கூடுற தெருவை உருவாக்கியவரால், நீங்களும் நானும் நடக்கிற மாதிரி அதில் சாதாரணமா நடக்க முடியாது.

1657-ல் ஷாஜஹான் நோயில் விழ, நாலு தம்பிகளும் அரியணைக்கு மோத ஆரம்பிச்சாங்க. ராஜ்ஜியத்தைப் பிரிச்சுக்கலாம்னு ஜஹனாரா சமாதானம் பேசிப் பார்த்தார். எடுபடலை. ஔரங்கசீப் ஜெயிச்சார். ஜஹனாரா உயிராக நேசித்த தம்பி தாரா ஷிகோ 1659-ல் கொல்லப்பட்டார். ஷாஜஹான் ஆக்ரா கோட்டையில் சிறை வைக்கப்பட்டார்.

ஜஹனாரா நினைத்திருந்தால், ஜெயிச்ச தம்பி பக்கம் போயிருக்கலாம். போகலை. 1666-ல் அப்பா கண்மூடும் வரை, சுமார் எட்டு வருஷம், அந்தக் கோட்டைக்குள்ளேயே கூட இருந்தார். அதன் பிறகு ஔரங்கசீப்பே அவரை மரியாதையோடு அழைத்து, பாட்ஷா பேகம் பட்டத்தைத் திரும்பக் கொடுத்தார். எதிர்த்து நின்ற அக்காவுக்கு அந்த இடத்தைக் கொடுக்காமல் இருக்க அவராலும் முடியலை.

1681-ல் ஜஹனாரா இறந்தார். டெல்லி நிஜாமுதீன் தர்காவில், அவர் நேசித்த சூஃபி ஞானிகளின் வழியில் வந்த நிஜாமுதீன் ஔலியாவின் சமாதிக்குப் பக்கத்தில் அடக்கம். சுற்றிலும் பளிங்குத் தடுப்பு இருக்கு. மேலே கூரை இல்லை. கல்லறையின் மேல் பளிங்குப் பலகைக்குப் பதிலாக மண்ணும் புல்லும்தான். அம்மாவுக்குத் தாஜ்மஹால் எழும்பியதைப் பார்த்தவர், தனக்கு அதுபோதும்னு நினைச்சிருக்கார்.

மெட்ரோ வயலட் லைனில் ஜமா மஸ்ஜித் ஸ்டேஷனில் ஏறினால், ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் ஸ்டேஷனில் இறங்கி தர்காவுக்கு ஆட்டோவில் போயிடலாம். வியாழக்கிழமை மாலைன்னா கவ்வாலியும் கேட்கலாம். அந்தச் சந்துகளிலும் கபாப் கிடைக்கும். ஆனா, முதல்ல அந்தப் புல் மூடிய கல்லறைக்கு முன்னால் ரெண்டு நிமிஷம் நின்னுட்டு வாங்க!