தமிழ் முரசு கோ. சாரங்கபாணி

சங்கத்தின் பொன்விழா மலரில் மார்க்க அறிஞர்களின் வரலாற்றோடு பகுத்தறிவாளர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கடவுள் நம்பிக்கையில் அவர் வழி வேறு, நம் வழி வேறு. ஆயினும் நம் பெரியவர்கள் பலர் அரசாங்கச் செய்தியைத் தமிழில் படித்தறிந்தது அவருடைய பத்திரிகையில்தான்.

சாரங்கபாணி அவர்கள் 1903-இல் திருவாரூரில் பிறந்தார். 1924-இல் சிங்கப்பூருக்கு வந்து கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தார். 1929-இல் தொடங்கிய முன்னேற்றம் இதழில் பத்திரிகைத் தொழில் பழகினார். அவ்வாண்டு டிசம்பரில்தான் பெரியார் ஈ.வெ.ரா. நம் ஈப்போவுக்கு வந்து தமிழர் மாநாட்டில் பேசினார்.

1935 ஜூலை 6-ஆம் நாள் தமிழ் முரசு வார இதழாக வெளிவந்தது. விலை ஒரு காசு. தோட்டத்துத் தொழிலாளியும் வாங்க வேண்டும் என்பதற்காகவே அந்த விலை. இரண்டே ஆண்டில் அது நாளிதழாயிற்று. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, சாப்பாட்டுக் கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் பத்துப் பேர் கேட்ட காலம் அது.

போருக்குப் பின் நாடு மாறத் தொடங்கியது. குடியுரிமைச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பிலேயே நம்மவர் பலர் இருந்தனர். முரசு விடவில்லை. சட்டம் என்ன சொல்கிறது, யார் விண்ணப்பிக்கலாம் என்று எளிய தமிழில் திரும்பத் திரும்ப எழுதியது. 1957-இல் சிங்கப்பூரில் குடியுரிமைப் பதிவு தொடங்கியபோது, எழுதியதோடு நில்லாமல் மனுப் பாரம் நிரப்பவும் ஆட்களை ஏற்பாடு செய்தார். ஆசிரியர் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது வேலையா என்றால், அவர் அதையும் வேலையாகவே கருதினார்.

அதன் அருமை பிறகே தெரிந்தது. மெர்டேக்காவுக்குப் பின் ஓராண்டு, இங்கே பிறந்தவர்களுக்கு மொழித் தேர்வில் சலுகை இருந்தது. அதையும் பலர் தவற விட்டனர். 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சுமார் 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுப் புறப்பட்டார்கள். சுங்காய் வட்டாரத் தோட்டங்களில் சிவப்பு அடையாளக் கார்டோடு முதுமையைக் கழித்தவர்களை நாமே அறிவோம்.

1952-இல் அவர் தொடங்கிய தமிழர் திருநாள் மதம் பாராமல் எல்லாத் தமிழரையும் அழைத்தது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தமிழர் என்ற முறையில் கூடும் விழாவாகவே அதை அமைத்தார்.

குறையும் உண்டு. தொழிலாளர்க்காக எழுதியவரின் அச்சகத்திலேயே 1963-இல் வேலைநிறுத்தம் மூண்டது. பத்திரிகை பல மாதங்கள் நின்றது. பிரிந்தவர்கள் தமிழ் மலர் தொடங்கினார்கள். மலாயாவில் முரசுக்கு இருந்த பழைய இடம் பிறகு திரும்பவில்லை.

1974 மார்ச் 16-இல் சாரங்கபாணி அவர்கள் காலமானார். முரசு இன்றும் சிங்கப்பூரில் வெளிவருகிறது.