ஒத்த ஓடங்கள் சமைத்த சிற்பி

பாய் விரித்தோடும் ஓடப் பந்தயத்திலே வெற்றி தருவது யாது? ஓட்டுபவனின் திறமையா, ஓடத்தின் விலையா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாட்டுக் கடற்கரைகளில் இவ்வினா பெரும் பூசலாய் வளர்ந்தது. சிறிதும் பெரிதுமான ஓடங்கள் ஒருங்கே ஓடின. அளவு விதிப்படி சிறியவற்றிற்குக் காலச் சலுகை வழங்கப்பட்டது. செல்வர்கள் அவ்விதியை வெல்லவல்ல புதிய ஓடங்களைக் கட்டுந்தோறும் பழைய ஓடம் பயனற்றதாயிற்று. இதற்கு மாற்றாக, யாவரும் ஒரே அமைப்புடைய ஓடங்களிலேயே போட்டியிடும் வழக்கம் 1887ஆம் ஆண்டில் அயர்லாந்தின் டப்ளின் கரையில் தோன்றியது. அமெரிக்காவில் அவ்வழக்கத்தை வேரூன்றச் செய்தோருள் தலைசிறந்தவர் நதானியேல் ஹெரெசொவ்.

றோட் ஐலன்ட் மாநிலத்துப் பிறிஸ்டல் துறைமுகப் பட்டினத்தில் 1848ஆம் ஆண்டு இவர் பிறந்தார். தமையனார் ஜோன் இளமையிலேயே பார்வையை முற்றாக இழந்தவர். எனினும் ஓடங் கட்டும் ஆர்வத்தை இழந்தாரல்லர். சிறுவனாயிருந்த தம்பியே அவருக்குக் கண்ணாக ஓடத்தில் உடன் சென்றார். பின்னர் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று, புறொவிடன்ஸ் நகரின் கோர்லிஸ் நீராவி இயந்திரத் தொழிற்சாலையிற் பணிபுரிந்து, 1878இல் தமையனாரோடு இணைந்து கப்பல் கட்டுங் கம்பனியை நிறுவினார். தம்பி மரத்திற் செதுக்கிய மாதிரியுருவைத் தமையனார் விரல்களால் தடவியே அதன் வளைவுகளை மதிப்பிடுவார்.

அதற்கு முன்பே 1876இல் நியூயோர்க்கில் நிகழ்ந்த பந்தயத்திற்கு, தாம் அமைத்த இரட்டையுடல் ஓடமாகிய அமறிலிசுடன் அவர் சென்றார். நமது கட்டுமரம் என்னுஞ் சொல்லே திரிந்து இவ்வகை ஓடங்களுக்கு ஆங்கிலப் பெயராயிற்று. அமறிலிஸ் ஏனையவற்றை எளிதில் முந்தியது. ஆனால், அது தம் ஓடங்களைப் போன்றதன்று எனத் தோற்றவர்கள் முறையிடவே, வெற்றி மறுக்கப்பட்டது. வேறுபட்டதொன்றைப் படைத்தமைக்காக விலக்கப்பட்ட இவரே, பிற்காலத்தில் வேறுபாடே அற்ற ஓடங்களைச் சமைத்துப் புகழெய்தினார்.

எனினும் உலகம் இவரை முதலில் அறிந்தது பெருங்கப்பல்களாலேயே. 1893 முதல் 1920 வரை அமெரிக்கா கிண்ணத்தை ஆறு முறை காத்தவை இவர் வரைந்த ஐந்து கப்பல்கள். அவற்றுட் பெரியதாகிய றிலையன்ஸ் 16,000 சதுர அடிக்கு மேற்பட்ட பாய்களைத் தாங்கி 1903இல் வென்றது. பத்தாண்டுகளில் அது உடைத்தெறியப்பட்டது. ஒரே வெற்றிக்கெனப் பெரும் பொருள் கொட்டிக் கட்டிய கப்பலுக்கு வேறு பயன் இல்லாது போயிற்று.

இவர் சமைத்த ஒத்த ஓடங்களின் கதை வேறு. இவரது பட்டறையில் ஒவ்வொரு விலாச்சட்டத்திற்கும் தனித்தனி அச்சுச் சட்டம் உண்டு. அவற்றின்மேல் ஓடங்கள் கவிழ்த்த நிலையிற் கட்டப்பட்டன. அதே அச்சுகளை மீண்டும் மீண்டும் பயன்படுத்தியமையால் ஓர் ஓடம் மற்றொன்றை உரித்து வைத்தாற்போல் அமைந்தது. நியூயோர்க் படகுக் கழகத்தார்க்கென 1905இல் இவ்வாறு பதினெட்டு ஓடங்கள் ஒரே அமைப்பில் உருவாயின. காலச் சலுகைக் கணக்குக்கு அங்கே இடமில்லை. முதலில் எல்லையைத் தொட்டவனே வென்றவன். தோற்றவன் ஓடத்தின்மேற் பழி போடவும் இயலாது.

1914இல் பசர்ட்ஸ் விரிகுடாவில் சிறுவர் ஓடம் பழகுதற்கென நீர்மட்டத்தில் 12½ அடி நீளமுள்ள சிற்றோடமொன்றை வரைந்தார். அவ்விரிகுடாவிற் காற்றுக் கடிது; அலைகள் குறுகியவை, செங்குத்தானவை. ஆதலின் ஓடத்தின் அடியில் ஈயப் பாரம் அமைத்து, எளிதிற் கவிழாதவாறு செய்தார். அவர் கம்பனி இவ்வகையில் 360க்கு மேற்பட்டவற்றைக் கட்டியது.

1938இல் பிறந்த ஊரிலேயே ஹெரெசொவ் மறைந்தார். கிண்ணம் காத்த அவருடைய கப்பல்களுள் ஒன்றேனும் இன்றில்லை. சிறுவர்க்கென வரைந்த ஓடங்களோ தந்தையிடமிருந்து மக்களுக்கும் பேரர்க்கும் கைமாறி, இன்றும் அதே விரிகுடாவிற் பந்தயம் ஓடுகின்றன. பிறரை வெல்லச் செய்தவை அழிந்தன. பிறரோடு ஒப்ப நிற்கச் செய்தவை நிலைத்தன. ஆசிரியர் தொழில் புரிவோர்க்கு இதன் பொருளை விரித்துரைத்தல் வேண்டா.