டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன்

இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கே உள்ள அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமிகள். கண்மாயில் நீர் பெருகினாலன்றி ஆங்கு வயல் விளையாது. ஆதலின், சிறு துளியையும் வீணாக்காது போற்றுதல் அந்நாட்டு மக்களின் இயல்பாயிற்று. அம்மாவட்டத்தின் மேற்கே மலையடிவாரத்தில் அமைந்தது வத்திராயிருப்பு. அவ்வூரில் 1898ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள் தோன்றியவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். துளி நீரைப் போற்றும் மண்ணுக்கு அண்மையில் பிறந்த அவர், துளி ஒளியைப் போற்றி உலகப் புகழுக்குரிய உண்மையொன்றைக் காண உதவினார்.

கிருஷ்ணனின் தந்தையார் தமிழிலும் வடமொழியிலும் பயிற்சியுடையவர். மைந்தரும் அவ்விரு மொழிகளிலும் பற்றுடையவராய் வளர்ந்தார். திருவில்லிபுத்தூரில் பள்ளிக் கல்வியையும், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் மேற்படிப்பையும் பெற்றார். பின்னர்ச் சென்னையில் வேதியியல் துறையில் பணியாற்றினார். நண்பகல் உணவு வேளையிலும் மாணவர்களின் ஐயங்களைத் தீர்த்து வைப்பார். 1920ஆம் ஆண்டில் சி. வி. இராமனை நாடிக் கல்கத்தா சென்றார்.

ஆங்கு ஒரு சிக்கல் காத்திருந்தது. நீர்மத்தினூடே ஒளியைச் செலுத்தியபோது, புகுந்த நிறத்தினின்றும் வேறுபட்ட மங்கிய ஒளியொன்று தோன்றியது. நீர்மத்தில் கலந்த மாசே அதற்குக் காரணம் என்று தள்ளிவிடுதல் எளிது. அங்ஙனம் தள்ளியிருப்பின் உண்மை மறைந்தே போயிருக்கும். கிருஷ்ணன் நீர்மங்களை மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மை செய்தார். மாசு நீங்கியது, மங்கிய ஒளி நீங்கவில்லை. நிறக் கண்ணாடிகளைக் கொண்டு அவ்வொளியைப் பிரித்து, தம் கண்களாலேயே நோக்கி ஆராய்ந்தார். இவ்வாறு 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவு உறுதிப்பட்டது. மூலக்கூறுகளின் அதிர்வே ஒளியின் நிறத்தை மாற்றுகிறது என்பது அதன் சாரமாகும். முதல் அறிவிப்பு இருவர் பெயராலும் வெளிவந்தது. எனினும், 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது.

கிருஷ்ணனோ அதற்கு முன்பே டாக்கா சென்று, படிகங்களின் காந்தப் பண்பினை அளக்கும் அரிய பணியில் ஈடுபட்டிருந்தார். 1940ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. அலகாபாத்தில் பேராசிரியராக விளங்கியபோது, நீர்மத்தில் ஒளி சிதறுவது போலவே உலோகத்தில் எலக்ட்ரான்களும் வெப்ப அதிர்வால் சிதறி மின்தடையை உண்டாக்குகின்றன என்னும் கருத்தைக் கணக்கிட்டு விளக்கினார். 1947 முதல் புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். ஆங்கு, சூடேறிய உலோகங்களிலும் குறைகடத்திகளிலும் இருந்து எலக்ட்ரான்கள் வெளிப்படுவதை ஆராய்ந்தார். அறிவியற் பொருள்களைத் தமிழிலும் எழுதினார். 1954ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது பெற்ற அப்பெருமகனார், 1961ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் மறைந்தார்.

அன்று கண்ட மங்கிய ஒளி இன்று பெரும்பயன் நல்குகின்றது. கண்ணாடி இழையினூடே நெடுந்தொலைவு செல்லும் ஒளி, வழியில் வலுவிழக்கும். பெருக்கிகள் அதனை வலுப்படுத்தும்போது, செய்தியோடு வேண்டாத இரைச்சலும் சேர்ந்துவிடும். வலிய லேசர் ஒளியொன்றை அவ்விழையிலேயே செலுத்தினால், இராமன் விளைவினால் மெலிந்த ஒளி குறைந்த இரைச்சலோடு வழியிலேயே வலுப்பெறும். மின்னணுச் சில்லுகளுக்கு அடிப்படையான சிலிக்கன் இயல்பாக ஒளியை எளிதில் உமிழாது. அதனையும் இவ்விளைவின் துணையால் லேசராக இயங்கச் செய்து 2004ஆம் ஆண்டில் கலிபோர்னிய அறிஞர் காட்டினர்.

மாசினின்று உண்மையைப் பிரித்தறிந்த கிருஷ்ணனின் முயற்சியும், இரைச்சலினின்று செய்தியைக் காக்கும் இன்றைய முயற்சியும் ஒரே தன்மையன. சிறியதென்று எதனையும் இகழாது, ஐயம் தீருமளவும் ஆராய்தலே அறிவியலுக்கு உயிர். பரிசு கிட்டினும் கிட்டாவிடினும் அம்முயற்சியைக் கைவிடாமையே கிருஷ்ணனின் வாழ்க்கை புகட்டும் பாடமாகும்.