யோசேவாஸ் சுவாமியின் கழுத்துச் செபமாலை



திரேஸ்புரம் கரையில் நின்று கிழக்கே பாருங்கள். அந்தக் கடலுக்கு அப்பால் இலங்கை. 1687-ம் ஆண்டு நம் தூத்துக்குடியிலிருந்து அக்கரைக்குப் புறப்பட்டவர்களுள் கூலியாள் வேஷத்தில் ஒரு குருவானவரும் இருந்தார். அவரே இலங்கையின் அப்போஸ்தலரான அர்ச். யோசேவாஸ் சுவாமி.

1651-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி கோவா நாட்டுப் பெனாலிம் ஊரில் பிறந்த இவர், 1676-ல் குருப்பட்டம் பெற்றார். மறுவருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி, தம்மைத் தேவமாதாவுக்கு என்றென்றைக்கும் அடிமையாகச் சாசனம் எழுதிக் கொடுத்தார். அந்தத் தேதி என்னவென்று நான் சொல்ல வேண்டுமா? நம் பனிமய மாதாவின் திருநாள்!

அக்காலத்து நிலைமையைக் கேளுங்கள். 1658-ல் ஒல்லாந்தர் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். இலங்கையில் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். குருவுக்கு இடங்கொடுத்தால் மரண தண்டனை. ஏறக்குறைய முப்பது வருஷம் பூசையும் பாவசங்கீர்த்தனமும் இன்றி அம்மக்கள் தவித்தார்கள்.

சுவாமி யாழ்ப்பாணம் சேர்ந்ததும் கடும் வயிற்றுக்கடுப்பு நோயில் விழுந்து, சர்வேசுரன் கிருபையால் பிழைத்தார். பிறகு, வேதக்காரர் யார் என்று எப்படி அறிவது? வாய் திறந்து கேட்டால் காட்டிக் கொடுக்கப்படலாம். ஆகவே செபமாலையைக் கழுத்தில் வெளிப்படையாய் அணிந்துகொண்டு வீடு வீடாய்ப் பிச்சைக்குப் போனார். விசுவாசத்தை மறைவில் காத்தவர்களின் கண் அந்த மணிகளிலே தங்கும். அதைக் கண்டுகொண்டு, தாம் குரு என்பதை மெல்ல வெளிப்படுத்தினார். பகைவன் கண்டால் அதே மாலை அவரைச் சிறைக்குக் கொண்டுபோயிருக்கும். இது தெரிந்தே அதை அணிந்தார்.

அதன்பின் இரவிலே இரகசியப் பூசைகள் நடந்தன. சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று. 1689-ம் ஆண்டு கிறிஸ்மஸ் சமயத்தில் பூசைக்குக் கூடினவர்களை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்தார்கள். அடிபட்டே ஒருவர் உயிர்விட்டார். 1692-ல் கண்டிக்குப் போன சுவாமியை ஒற்றன் என்று சொல்லிச் சிறையிலிட்டார்கள். 1697-ல் அங்கே வைசூரி கண்டபோது, சொந்தக்காரரே கைவிட்ட நோயாளிகளைத் தம் கையால் கழுவி, கஞ்சி ஊட்டினார். 1711-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி கண்டியிலேயே மரித்தார். 2015-ல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

குடும்பத்தாரே, செபமாலை இல்லாத வீடு நம் ஊரில் இல்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது? சுரூபத்தின் கையிலே, வண்டியின் கண்ணாடியிலே, சுவரின் ஆணியிலே! அதை உருட்டும் விரல்கள் எத்தனை? நம் பிள்ளைகள் கப்பலுக்கும் அந்நிய நாட்டுக்கும் வேலைக்குப் போகிறார்கள். தெரியாத ஊரில், இவன் யார் என்று பிறர் அறிய அவர்களிடம் ஏதாவது அடையாளம் இருக்கிறதா?

தாய்மாரே, ஒரு காரியம் செய்யுங்கள். சிறுமணி 53, பெருமணி 6, ஒரு பாடுபட்ட சுரூபம், உறுதியான நூல்: இவ்வளவே வேண்டியது. தூரம் போகும் பிள்ளைக்கு உங்கள் கையாலேயே ஒரு மாலை கோத்துக் கொடுங்கள். மர மணியானாலும் போதும். கோவிலுக்குக் கொண்டுவந்தால் மந்திரித்துத் தருகிறேன். அதற்கு முன், இன்றிரவே பிள்ளைகளை அருகில் இருத்தி 53 மணி செபம் சொல்லுங்கள். சொல்லிப் பழகாத மாலையைக் கழுத்தில் போட்டு அனுப்பி என்ன பிரயோசனம்?